ஊமைப் பேயும் ஒரு சாலிடேர் டிவியும்

ஸ்கூபி டூ எனக்கு அறிமுகமானது ஒரு டி-ஷர்ட்டில். மாமா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வாரம் முழுக்க அங்கேயே ரூம் எடுத்துத் தங்கியிருந்துவிட்டு, சனிக்கிழமை சம்பளம் போட்ட பிறகு உடுமலை பஸ் பிடித்து, அங்கிருந்து கொமரலிங்கத்துக்குக் கடைசி பஸ்ஸில் வந்து இறங்குவார். கையில் ஒரு பை இருக்கும். அதில் நாலைந்து பீஸ் இருக்கும். எல்லாம் செகண்ட்ஸ். ஒன்றில் கழுத்துப் பட்டி கோணல், இன்னொன்றில் துணியில் ஊசி ஓட்டை, மற்றொன்றில் எண்ணெய்க் கறை. விடுமுறைக்கு அப்புச்சி வீட்டுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் உடுப்பு.

அந்த நாய் ரெஜிஸ்டர் அவுட் ஆன பீஸ். ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன். பழுப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, கழுத்துப் பட்டையின் நீலத்துக்கு ஒன்று, நாக்குக்கு ஒன்று. மேசையில் ஸ்க்ரீன் உட்காரும் இடம் துளி நகர்ந்தாலும் அந்த நிறம் மட்டும் தனியாகப் போய் விழும். என் டி-ஷர்ட்டில் கறுப்புக் கோடு வலப்பக்கம் நகர்ந்திருந்தது. அதனால் நாயின் கண் ஒரு இடத்திலும் கண்ணின் வெள்ளை வேறு இடத்திலும் இருந்தன. நாக்கின் ரோஸ் நிறம் தாடையில் வழிந்திருந்தது. வயிற்றுக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி எழுத்து. படம் யாருக்குச் சொந்தம் என்று சொல்கிற உரிமை வரி அது. "அந்த எழுத்துல ஒன்னு தேஞ்சிருந்தாக்கூட பையர் மொத்தச் சரக்கையும் திருப்பிருவான் கண்ணு" என்று மாமா சொல்வார். விதிப்படி அந்த மாதிரிப் பீஸ்களை வெட்டிப் போட வேண்டும். வெட்டிப் போடாததால்தான் எனக்கு அந்த நாய் கிடைத்தது.

கொமரலிங்கம் அம்மா பிறந்த ஊர். அமராவதி ஆற்றங்கரையில் நெல்லும் கரும்பும் தென்னையுமாக இருக்கிற ஊர். நான் சொல்கிற 1997 வாக்கில் அது கோவை மாவட்டம், உடுமலைப்பேட்டை வட்டம். மடத்துக்குளம் வட்டமும் திருப்பூர் மாவட்டமும் 2009இல் வந்தவை. கரும்பு வண்டிகள் கிருஷ்ணாபுரம் சர்க்கரை ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த அந்த ஊருக்கு, மாவட்டமாக வருவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே திருப்பூர் வந்துவிட்டது, இந்த மாதிரிப் பைகளில்.

அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை மாமாவின் பையிலிருந்து கறுப்பாக ஒரு பெட்டி வெளியே வந்தது. சேகா ஜெனிசிஸ். ஷா வாலஸ் கம்பெனி இந்தியாவில் விற்றுக்கொண்டிருந்ததும் இதே ஜாதிக் கருவிதான். ஆனால் இங்கே அதன் பெயர் மெகா டிரைவ். ஜெனிசிஸ் என்று பெயர் ஒட்டியிருந்தால் அது அமெரிக்காவுக்காகச் செய்தது. முதலாளி வீட்டுப் பையனுக்கு யாரோ அங்கிருந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கலர் டிவியில் மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையாக வந்தது. மேலும் கீழும் உருண்டது. சத்தமே இல்லை. பிறகு யாரோ அதன் அடாப்டரை நேராகச் சுவரில் செருகி, 120 வோல்ட்டுக்குச் செய்ததை 230 வோல்ட்டில் எரித்துவிட்டார்கள். "கெட்டுப்போச்சு, வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்று மாமாவிடம் தள்ளிவிட்டார்களாம். கூடவே ஒரே ஒரு கேசட். அதன் மேல் என் டி-ஷர்ட் நாய், கோடு நகராமல், கண்ணுக்குள் கண் இருக்க, சிரித்துக்கொண்டிருந்தது.

பெட்டி கெடவில்லை என்பது உடுமலையில் டிவி ரிப்பேர் செய்கிறவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் என்டிஎஸ்சி முறை, நமக்குப் பால் முறை. அங்கே ஒரு விநாடிக்கு 60 தடவை திரையைத் துடைக்கிறது, இங்கே 50. நிறத்தை அனுப்புகிற விதம் வேறு, சத்தத்தை ஏற்றுகிற அலை வேறு. "கலர் டிவியில போட்டாலும் இது கறுப்பு வெள்ளைதானுங்க. அப்ப உங்க வீட்டு டிவியே போதுமுங்களே" என்றார். அப்புச்சி வீட்டில் இருந்தது ஷட்டர் வைத்த சாலிடேர் கறுப்பு வெள்ளை. எரிந்த அடாப்டருக்குப் பதில் 9 வோல்ட் எலிமினேட்டர் ஒன்றை, முனையை மாற்றி ஒட்டிக் கொடுத்தார். வீட்டுக்கே வந்து, டிவியின் பின்னால் இருந்த வி-ஹோல்ட் குமிழைத் திருகி, உருளுகிற படத்தை நிறுத்தினார். நின்ற படம் கொஞ்சம் குள்ளமாக இருந்தது. ஒரே நேரத்தில் 64 நிறம் காட்டக்கூடிய கருவி, எங்கள் சாலிடேரில் சாம்பலாக ஓடியது. சத்தத்துக்கு மட்டும் அவரிடம் வழி இல்லை. டிவியிலிருந்து உஸ்ஸென்று இரைச்சல்தான் வந்தது. வால்யூமை மூடிவிட்டோம்.

அந்தக் குமிழால் வீட்டில் நடந்த சண்டையையும் சொல்ல வேண்டும். விளையாட்டுக்குத் திருகி வைத்தால் தூர்தர்ஷன் உருளும். தூர்தர்ஷனுக்குத் திருகினால் விளையாட்டு உருளும். கொடைக்கானல் கோபுரத்துக்கு நேரே கீழே இருக்கிற ஊர் என்பதால் எங்களுக்குப் படம் கண்ணாடி மாதிரி வரும் என்று அம்மிச்சிக்குப் பெருமை. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் போடுகிற நேரத்தில் கதாநாயகியின் இடுப்பு மேலேயும் தலை கீழேயுமாகச் சுற்றினால் அவர் சும்மா இருப்பாரா? குமிழுக்குப் பக்கத்தில் அவரே பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தார். விளையாடி முடித்ததும் குமிழ் அந்தக் கோட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் மறுநாள் எலிமினேட்டர் அரிசி டின்னுக்குள் போய்விடும்.

விளையாட்டின் பெயர் ஸ்கூபி-டூ மிஸ்டரி. 1995இல் வந்தது. அதற்குள் இரண்டு கேஸ். ஒன்று ஒரு ஓட்டலில் நடக்கிறது, மற்றது ஒரு கார்னிவலில். ஷாகி என்கிற ஒட்டடைக்குச்சிப் பையனை நாம் நடத்த வேண்டும். நாய் பின்னாலேயே வரும். திரையின் அடியில் கட்டளைகள் இருக்கும். பார்க்கலாம், எடுக்கலாம், பேசலாம், எடுத்ததை வேறொன்றோடு சேர்த்துப் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் 'மேனியாக் மேன்ஷன்', 'மங்கி ஐலண்ட்' என்று மவுஸால் விளையாடிய ஆட்டங்களின் ஜாதி அது. மூன்று பட்டனும் ஒரு திசைக் கட்டையும் இருக்கிற கைப்பிடியில் அதை விளையாடுவது மகா மந்தமான வேலை. கதவுக்கு மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

அந்த மந்தம்தான் எங்களுக்கு வசதியாகப் போயிற்று. அன்றைக்குத் தமிழ்நாட்டுச் சின்ன ஊர்களில் டிவி கேம் என்றால் லிட்டில் மாஸ்டர், சாமுராய், அப்புறம் சீனாவிலிருந்து வந்த டெர்மினேட்டர் பெட்டிகள். உடுமலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அரை மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கி மரியோவும் காண்ட்ராவும் விளையாடவிடுகிற கடை இருந்தது. அங்கே விளையாடுகிறவன் ஒருத்தன், அவன் சாகட்டும் என்று காத்திருக்கிறவர்கள் மீதிப் பேர். எங்கள் கேசட்டைப் பற்றி அந்தக் கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "இதுல சண்டை எங்க தம்பி வரும்?" சண்டை வராத ஆட்டத்தை அரை மணிக் கணக்கில் யார் விளையாடுவார்கள்? அறை அறையாக நடந்து முடிப்பதற்குள் காசு தீர்ந்துவிடும். இந்த ஆட்டம் வீட்டில்தான் பிழைக்கும். அதுவும் கோடை விடுமுறையில், கூட்டுக் குடும்பத்தில், வேறு வேலை இல்லாத பிள்ளைகள் நாலு பேர் இருக்கிற வீட்டில்.

சத்தம் இல்லாத குறையைத் தீர்த்தது மாமா மகள். அவள்தான் எங்களில் இங்கிலீஷ் மீடியம். திரையில் வருகிற வரியைப் படித்து, அர்த்தத்தை எங்களுக்குச் சொல்லுவதோடு நிற்காமல், ஆளுக்கொரு குரல் வைத்துப் பேசவே ஆரம்பித்துவிட்டாள். ஷாகிக்கு எங்கள் பண்ணையத்தில் வேலை செய்த ஒருவரின் இழுப்பு: "ஏனுங்க, இந்த ரூமுக்குள்ள போயே ஆகோணுங்களா? சோறு தின்னுபோட்டுப் போலாமுங்களே." கண்ணாடி போட்ட வெல்மாவுக்கு அவளுடைய டியூஷன் டீச்சர் குரல், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் "புரிஞ்சுதா?" நாய்க்கு என் குரல். வசனம் குறைவு, உறுமல் அதிகம் என்பதால் இங்கிலீஷ் தெரியாதவனுக்குக் கொடுத்த பாத்திரம் அது. பேய்க்குப் பெரிய மச்சான். அவன் அம்மிச்சியின் பித்தளைச் செம்பை வாயில் கவிழ்த்துக்கொண்டு பேசுவான். செம்புக்குள் அவன் மூச்சு போய் மோதித் திரும்பும்போது ஒரு நடுக்கம் வரும் பாருங்கள், எந்த ஸ்டுடியோவிலும் அந்தப் பேய்க்குரலை எடுத்திருக்க மாட்டார்கள். பல வருடம் கழித்து அதே ஆட்டத்தை அதன் சொந்தச் சத்தத்தோடு கேட்டேன். பீப் பீப் என்று ஏதோ பாட்டு. எங்கள் டப்பிங் மேல்.

கார்ட்டூனாக ஸ்கூபியைப் பார்த்தது இதற்கெல்லாம் பிறகுதான். கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது 1995 மே மாதம். எங்கள் ஊர்க் கேபிள்காரர் அதைக் கொடுத்ததும், அப்புச்சி கலர் டிவி வாங்கியதும் தாமதமாகத்தான். அதற்குள் அந்தத் தொடருக்கே முப்பது வயது நெருங்கிவிட்டது. 1969 செப்டம்பர் 13ஆம் தேதி அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன்களில் அடிதடி கூடிப்போய்விட்டது என்று பெற்றோர் சங்கங்கள் கூச்சல் போட்டதால், அடிதடி இல்லாத ஒன்று வேண்டும் என்று ஹன்னா-பார்பராவைக் கேட்டிருக்கிறார்கள். ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ் இருவரும் எழுதினார்கள். நாயை வரைந்தவர் இவாவோ தகமோட்டோ. கிரேட் டேன் நாய் வளர்த்த ஒரு சக ஊழியரிடம் போய் நல்ல ஜாதி நாய்க்கு என்னென்ன லட்சணம் என்று கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நேர்மாறாக வரைந்தாராம். நேரான முதுகுக்குக் கூன், நிமிர்ந்த காலுக்கு வளைந்த கால். செகண்ட்ஸ் டி-ஷர்ட்டில் வந்த நாய் பிறப்பிலேயே செகண்ட்ஸ் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

கார்ட்டூனில் என்னை உறுத்திய ஒன்று, ஓடுகிறவர்களுக்குப் பின்னால் அதே கதவும் அதே விளக்கும் அதே படமும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருப்பது. செலவைச் சுருக்க ஹன்னா-பார்பரா கையாண்ட வழி அது. பின்னணியை ஒரு தடவை வரைந்து, சுற்றிச் சுற்றி ஓட்டுவது. விளையாட்டில் வீடு ஒழுங்காக இருந்தது. ஒரு கதவைத் திறந்தால் அந்த அறைதான் வரும், திரும்பி வந்தாலும் அதே இடத்துக்குத்தான் வருவோம். அதனால்தானோ என்னவோ, அந்த ஓட்டலின் வரைபடத்தை மாமா மகள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தாள்.

கேஸை நடத்தியது நாங்கள் இல்லை, அத்தை. அத்தை ராஜேஷ்குமார் ரசிகை. கோயமுத்தூர்க்காரர் என்பதாலேயே அவர் மேல் தனிப் பிரியம். பஸ் ஸ்டாண்டுக் கடையில் மாதாமாதம் வருகிற பாக்கெட் நாவல்களை வாங்கி, கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, "யாருன்னு தெரிஞ்சுட்டுப் படிச்சாத்தான் எப்படி ஏமாத்தறான்னு தெரியும்" என்று ஆரம்பத்துக்கு வருவாள். எங்கள் ஆட்டத்தில் கடைசிப் பக்கம் கிடையாது என்பது அவளுக்குப் பெரிய குறை. அடுப்படியில் இருந்துகொண்டே கேட்பாள்: "அந்த ஆளுகிட்ட மறுபடியும் பேசுனீங்களா? போன தடவை சொன்னதையேதான் சொல்றானா?" பேசிய ஆளிடமே மறுபடி மறுபடி பேசுவதுதான் இந்த வகை ஆட்டத்தின் சூட்சுமம். கையில் புதிதாக ஒரு பொருள் வந்திருந்தால், முன்பு ஒன்றும் சொல்லாதவன் இப்போது வாய் திறப்பான். அத்தைக்கு அது நாவல் படித்தே தெரிந்திருந்தது. அவளுக்கு இன்னொரு விதியும் உண்டு. காசு எவன் கையில் புழங்குகிறதோ அவனை விடாதே. திருப்பூர்க் கம்பெனிகளில் ஸ்டாக் குறைந்தாலும் அதே விதிதான் என்பாள்.

விளையாட்டு எங்களை வெளியே அனுப்பியதும் அத்தையின் இந்தப் பேச்சால்தான்.

கொமரலிங்கம் ராஜவாய்க்கால், அமராவதி அணை வருவதற்கு முன்பிருந்தே ஓடுகிற எட்டு ராஜவாய்க்கால்களில் ஒன்று. கோடையில் தண்ணீர் குறைந்துவிடும். விட்டாலும் முறை வைத்துத்தான் பாயும். ராத்திரி முறை வந்தால் ராத்திரியில் மண்வெட்டியோடு போய்க் காத்திருந்து மடை மாற்ற வேண்டும். அந்த வாய்க்கால் மேட்டில், எங்கள் தென்னந்தோப்பு தாண்டி ஒரு புளியமரத்துப் பக்கம், முனி நடமாட்டம் உண்டு என்பது ஊர்ப்பேச்சு. வெளிச்சம் ஒன்று தரையை ஒட்டி ஆடி ஆடிப் போகுமாம். எதிரே போனவனுக்கு மூன்று நாள் காய்ச்சலாம். பொழுது சாய்ந்தால் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக் கூடாது. நாங்களும் போனதில்லை.

ஓட்டல் கேஸ் முடிந்த மறுநாள் பெரிய மச்சான்தான் கேட்டான்: "ஏம் புள்ள, நம்மூரு முனியை யாரு பாத்தது?" மாமா மகள் கணக்கு நோட்டை எடுத்துவிட்டாள். பெயர் ஒரு பத்தி, எப்போது பார்த்தார் ஒரு பத்தி, என்ன பார்த்தார் ஒரு பத்தி. டீக்கடைக்காரரில் தொடங்கினோம். அவர் பார்க்கவில்லை, தேங்காய் போடுகிறவர் பார்த்தாராம். தேங்காய் போடுகிறவர் பார்க்கவில்லை, கோயில் வாசலில் பூக்கட்டுகிற அம்மா பார்த்தாராம். அந்த அம்மா எங்களை உட்காரவைத்து, வெளிச்சம் பச்சையாக இருக்கும், கூடவே சலங்கைச் சத்தம் கேட்கும் என்று ரோமம் நிற்கும்படி சொல்லிவிட்டு, "எனக்கு எங்க அண்ணன் சொன்னதுங்க சாமி" என்று முடித்தார். அண்ணன் வாய்க்காலில் மடை பார்க்கிற பெரியவர். அவரிடம் சலங்கை இல்லை, பச்சையும் இல்லை. வெளிச்சம் முழங்கால் உயரத்தில் போகும் என்று மட்டும் சொன்னார். முழங்கால் உயரம் என்பதை மாமா மகள் நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள். நிற்கிற மனிதன் கையைத் தொங்கவிட்டு லாந்தர் பிடித்தால் அது எங்கே இருக்கும்? வீட்டுத் திண்ணையில் தொங்கிய அரிக்கேனை எடுத்து மச்சான் கையில் கொடுத்து நடக்கவிட்டுப் பார்த்தோம். சரியாக முழங்கால்.

விளையாட்டில் கற்றதை அப்படியே செய்தோம். கையில் புதிய பொருளோடு பழைய ஆளிடமே போவது. அரிக்கேனை எடுத்துக்கொண்டு மறுபடி மடைக்காரப் பெரியவரிடம் போனோம். அவர் அதைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியபடி, "இதை எங்கிட்ட ஏன் காட்டறீங்க கண்ணு? உங்க அப்புச்சிகிட்டக் காட்டுங்க. அவருதான் மொதல்ல பாத்தவரு" என்றார்.

அப்புச்சி அப்போது திண்ணையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நாலு பேரும் வரிசையாகப் போய் நின்றோம். மாமா மகள், வெல்மா குரலிலேயே, "அப்பாரு, முனியை நீங்கதான் மொதல்ல பாத்தீங்களாமா?" என்றாள். (எனக்கு அப்புச்சி, அவளுக்கு அப்பாரு.) அவர் அவசரப்படவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் ஒதுக்கினார். "பாத்தேன்" என்றார். கொஞ்சம் மென்றுவிட்டு, "இன்னைக்கு ராத்திரியும் முறைத்தண்ணி. இன்னைக்கும் பாப்பேன்" என்றார். எங்கள் கையில் இருந்த அரிக்கேனை வாங்கி, கண்ணாடியில் இருந்த கரியைத் துண்டு முனையால் துடைத்து, இருந்த இடத்திலேயே மாட்டினார். விசாரணை அதோடு முடிந்தது.

எதற்காக என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. தென்னம்பிள்ளை புதிதாக வைத்திருந்தார், இளநீர் திருட்டும் இருந்தது. வாய்க்காலில் பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாது என்ற பயமும் அவருக்கு உண்டு. ஆனால் அத்தையிடம் வேறு ஒரு விடை இருந்தது. மோர் கடைந்துகொண்டே, குரலைத் தணித்து, "மாமா காதுல விழுந்துராம கேளுங்க. முறைக்கு அரை மணி முன்னாலயே மடையைத் தொறக்கறவங்களுக்கு முனி இருந்தா நல்லதுதான? எட்டிப் பாக்க ஒருத்தன் வரமாட்டான்" என்றாள். (அத்தைக்கு அப்புச்சிதான் மாமா.) மத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஸ்கூபி கதைகளில் பேய் என்றால் அது முகமூடி போட்ட ஆள்தான். பெரும்பாலும் சொத்துக்கோ பணத்துக்கோ ஆசைப்பட்டவன். அதைப் பார்த்து ஆச்சரியப்படுகிற வயதில்கூட எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. எங்கள் ஊர் முனிக்கும் ஒரு கணக்கு இருந்தது. எனக்குப் புரியாதது கடைசியில் முகமூடியை உருவுகிற இடம்தான். வேனில் வந்து இறங்குகிற வெளியூர்ப் பிள்ளைகள் உருவிவிட்டுப் போய்விடலாம். போலீஸ் கூட்டிக்கொண்டு போகும், அவர்கள் அடுத்த ஊருக்குப் போவார்கள். கொமரலிங்கத்தில் டீக்கடைக்காரருக்கும் தெரியும், தேங்காய் போடுகிறவருக்கும் தெரியும், பூக்கட்டுகிற அம்மாவுக்கு நிச்சயம் தெரியும். அவர் சலங்கையைச் சேர்த்ததே கதை நன்றாக இருக்கட்டும் என்றுதான். அடுத்த முகூர்த்தத்துக்கு எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். முனியை அவர்கள் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். அதில் கோழைத்தனமும் கொஞ்சம் இருக்கிறது, ஒருவருக்குத் தண்ணீர் கூடினால் இன்னொருவருக்குக் குறையத்தான் செய்யும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அப்புச்சி போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. கடைமடைக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. நோட்டில் அவர்களுக்குப் பத்தி இல்லை.

கார்னிவல் கேஸ் பாதியில் நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். அடுத்த விடுமுறைக்குப் போனபோது சாலிடேரின் படக்குழாய் போய்விட்டிருந்தது. புது கலர் டிவியில் வி-ஹோல்ட் குமிழே கிடையாது. சேகா பெட்டியை டிவி ரிப்பேர்க்காரர் பழைய செட்டோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போனார் என்றார்கள்.

நான் பிறகு பிரிண்டிங் யூனிட் வேலைக்குத்தான் வந்தேன். இப்போது கார்ட்டூன் ஆர்டர் வந்தால், உரிமைக்காரர்கள் கொடுத்த ஸ்டைல் கைடும் கூடவே வரும். அதில் நாயின் பழுப்புக்கு ஒரு பேன்டோன் நம்பர், பட்டையின் நீலத்துக்கு ஒரு நம்பர், எந்தப் பக்கம் தலை திரும்பினால் எத்தனை புள்ளி தெரிய வேண்டும் என்பதுவரை இருக்கும். எங்கள் சாம்பல் நாய்க்குச் சரியான நிறம் எது என்பதை அப்படித்தான் அதிகாரபூர்வமாகத் தெரிந்துகொண்டேன். இன்னொன்றும் தாமதமாகத் தெரிந்தது. ஸ்கூபி-டூ மிஸ்டரி என்று 1995இல் வந்தது ஒரு விளையாட்டு இல்லை, இரண்டு. சேகாவுக்குச் செய்தது இல்யூஷன்ஸ் கேமிங் என்ற கம்பெனி. அதே பெயரில் சூப்பர் நின்டெண்டோவுக்குச் செய்தது ஆர்கனாட், நின்டெண்டோவோடு சேர்ந்து 'ஸ்டார் ஃபாக்ஸ்' செய்த இங்கிலாந்துக் கம்பெனி. ஒரே டிசைனை பையர் இரண்டு யூனிட்டுக்கு ஆர்டர் கொடுத்தால், ஒருவன் ரவுண்ட் நெக்கும் இன்னொருவன் காலரும் தைத்துக் கொடுத்த மாதிரி இரண்டும் வேறு வேறு. ஆர்கனாட்டுடையது ஓடிக் குதிக்கிற ஆட்டம். முதலாளி வீட்டுக்கு அது வந்திருந்தால் அந்தப் பையன் சத்தம் இல்லாமலேகூட விளையாடியிருப்பான், எங்களுக்குக் கிடைத்திருக்காது.

கார்னிவல் கேஸைப் போன பொங்கலுக்கு லேப்டாப்பில் முடித்தேன், கொமரலிங்கம் வீட்டிலேயே. கலரில், சத்தத்தோடு. மாமா மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். போனில் கூப்பிட்டால் ஷாகி குரலை மறந்துபோச்சு என்றாள், கேட்டால் மறந்த மாதிரி இல்லை. அத்தைக்குக் கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். 1997இலேயே அவள் ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு செய்து வைத்திருந்தாள், அதே காசு விதிப்படி. ஆட்டம் வேறொருவரைப் பிடித்துக் கொடுத்தது. நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"மறுபடியும் போய் அவங்கிட்டப் பேசு கண்ணு" என்றாள். "கேஸ் முடிஞ்சுபோச்சு அத்தை" என்றேன்.

"போலீசு முடிச்சிருச்சு. அவங்க எங்க ஒழுங்கா விசாரிச்சாங்க?"